ஒரு ‘இல்ல’வும் ரெண்டு விசிலும்

ஹாலில் டியூப் லைட் எரிகிறது. அடுப்படியில் பல்பு எரிகிறது. பின்வாசலில் புது ஜெனரேட்டர் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் இருக்கிற அறையில் மட்டும் வெளிச்சம் இல்லை. அதற்குள்ளிருந்து என் மனைவி ராசத்தின் ஆக்சிஜன் மெஷின் விடாமல் கத்துகிறது.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம்தான். ஆனால் ஆடிக் காற்றும் சாரலும் சேர்ந்து அடித்ததில் மேலகரம் முழுக்க அந்தி மாதிரி மங்கிக் கிடந்தது. காற்று ஏதோ ஒரு மரத்தை லைன்மேல் சாய்த்துவிட்டது. ஊருக்கே கரண்ட் இல்லை.

நான் நிலைப்படியில் டார்ச்சுடன் நின்றேன். ராசம் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். மூக்கில் குழாய் இருந்தது. குழாயில் காற்று வரவில்லை.

யாருக்காக ஜெனரேட்டர் வாங்கினோமோ அவளுக்கு மட்டும் கரண்ட் போய்ச் சேரவில்லை. மாடியில், அருவி சீசனுக்கு வந்து தங்கியிருந்த மதுரைக்காரர் பழைய பாட்டு ஒன்றை உச்சஸ்தாயியில் பாடிக்கொண்டிருந்தார்.

இந்த நிலைக்கு எப்படி வந்தோம் என்று சொல்ல வேண்டும் என்றால் வண்டியைக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். பஸ் கண்டக்டராக இருந்தவன் நான். பின்னால் நின்று வழி சொல்வது எனக்குப் பழகிய வேலைதான். வாருங்கள்.

மூச்சுக்கு ஒரு மெஷின்

ராசம் சத்துணவுக் கூடத்தில் பல வருஷம் சமையல் வேலை பார்த்தவள். அப்போதெல்லாம் விறகு அடுப்பு. சாரல் காலத்தில் விறகு நனைந்திருக்கும். ஊதி ஊதித்தான் எரிய வைக்க வேண்டும். ஊதினது அவள், உள்ளே போனது புகை.

நுரையீரலைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், “பீடி குடிக்கிறவங்க நெஞ்சு மாதிரி இருக்கே” என்றார்.

“பீடியெல்லாம் குடிக்கல டாக்டர். பிள்ளையளுக்குச் சோறு பொங்குனேன்” என்றாள் ராசம்.

அறையிலிருக்கும் காற்றை இழுத்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற மெஷின் ஒன்று வீட்டுக்கு வந்தது. சக்கரம் வைத்த பெட்டி. நாளில் பெரும்பகுதி அதனுடன்தான் அவள் இருக்க வேண்டும். கரண்ட் நின்றால் அது கீச்சென்று கத்தும். மறுபடி வந்ததும் ஒரு தரம் கத்திவிட்டு ஓட ஆரம்பிக்கும். அதன் ஒவ்வொரு சத்தத்துக்கும் ராசத்துக்கு அர்த்தம் தெரியும். கைக்குழந்தை எதற்கு அழுகிறது என்று தாய்க்குத் தெரியுமே, அந்த மாதிரி.

எங்கள் பக்கத்தில் காற்று மாதம் வந்தால் கரண்ட் தங்காது. மரத்தைக் குறை சொல்ல முடியாது. மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு போஸ்டில் தொங்குகிற லைன்மேனையும் குறை சொல்ல முடியாது. இன்வெர்ட்டர் வைத்துப் பார்த்தோம். மெஷின் இழுக்கிற இழுப்பில் பேட்டரி சீக்கிரமே படுத்துவிட்டது. அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் உண்டு. அதுவும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். ஜெனரேட்டர்தான் வழி என்று முடிவாயிற்று.

பின் வைத்த யோசனை

ராசத்தின் தம்பி சுடலை போலீஸ்காரன். அந்த வாரம் லீவில் வந்திருந்தான். எந்த வேலையாக இருந்தாலும் அவனிடம் குறுக்கு வழி ஒன்று தயாராக இருக்கும்.

“அத்தான், எதுக்கு எலக்ட்ரீசியன்லாம்? ரெண்டு பக்கமும் பின் வச்ச வயர் ஒண்ணு போதும். ஒரு முனைய ஜெனரேட்டர்ல சொருகணும். இன்னொரு முனைய செவத்து பிளக்ல சொருகணும். வீடு பூரா எரியும்” என்றான்.

“எரியும். போஸ்ட்ல நிக்கவனும் சேந்து எரிவான்” என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

அதுதான் மைதீன் பாய். கடையநல்லூர்க்காரர். வளைகுடா நாட்டில் கட்டடம் கட்டடமாக வயரிங் செய்துவிட்டுத் திரும்பி வந்தவர். வேலை சுத்தம், பேச்சு அதைவிட ஜாஸ்தி. துபாய் என்று சொல்லாமல் அவரால் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது.

“இங்கேருந்து போற கரண்ட் மீட்டர் வழியா வெளிய போயிரும் தம்பி. டிரான்ஸ்பார்மர்ல ஏறிப் பெருசாயி லைன்ல நிக்கும். கரண்ட் இல்லன்னு நெனச்சு லைன்மேன் கை வைப்பான். அப்புறம் நீங்களே வந்து கேஸ் எழுத வேண்டியதுதான்” என்றார்.

சுடலை டிவி பக்கம் நகர்ந்தான்.

மைதீன் பாய் பையிலிருந்து ஓர் இரும்புப் பெட்டியை எடுத்தார். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் என்பார்கள். கைப்பிடி மேலே இருந்தால் வீட்டுக்கு ஈபி கரண்ட். கீழே தள்ளினால் ஜெனரேட்டர் கரண்ட். நடுவில் நின்றால் ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே வரவே முடியாது.

“ஒரு டிரைவர் எறங்குனாத்தான் இன்னொரு டிரைவர் ஏறலாம். அப்படித்தான பாய்?” என்றேன்.

“கண்டக்டர் கண்டக்டராத்தான் யோசிப்பாரு” என்று சிரித்தார்.

யாருக்கு சீட்டு?

சேஞ்ச் ஓவரை மாட்டுவது பெரிய வேலை இல்லை. அதற்குப் பின்னால் எந்தெந்த அறையை மாட்டுவது என்பதுதான் தலைவலி.

“இது சின்ன வண்டி அண்ணாச்சி. ஆளப் பாத்துத்தான் ஏத்தணும். வீடு பூராத்தையும் ஏத்துனா ஏத்தத்துல நின்னுரும்” என்றார் மைதீன் பாய்.

ஆளாளுக்கு சீட்டு கேட்டார்கள். சுடலைக்கு டிவி ஓட வேண்டும். எனக்கு அடுப்படியில் வெளிச்சம் வேண்டும். இப்போது சமையல் என் பாடு. இருட்டில் உப்பு எது சீனி எது என்று தடவ முடியாது. ராசம் மட்டும் தனக்கு எதுவும் கேட்கவில்லை.

“மாடிக்கும் ஒரு லைன் குடுங்க பாய். பாவம், அருவியில குளிச்சிட்டு வெடவெடன்னு வருதாவ” என்றாள்.

“மதினி, மாடியில கீசர் இருக்கு. அது ஒண்ணே ஒரு யானைத் தீனி திங்கும். சேந்தா ஒங்க மெஷின் ஓடாது” என்றார் அவர்.

“மொத சீட்டு ஒனக்கு. பேசாம இரி” என்றேன் நான்.

ஆக, ராசத்தின் அறை, ஹால், அடுப்படி மூன்றும் ஜெனரேட்டரில் வரும். மாடி ஈபியோடு சரி. கரண்ட் போனால் மாடிக்கு மெழுகுவர்த்தி.

எங்கள் வீட்டு மெயின் போர்டில் நாலு ஃபியூஸ் கட்டைகள். எது எந்த அறைக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. வயரிங் செய்தவர் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எங்கே விளக்கு அணைகிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் போர்டில் நிற்க வேண்டும், ஒருவர் அறை அறையாக நின்று குரல் கொடுக்க வேண்டும்.

‘ஆமா’ என்று சொன்ன ஆச்சி

குரல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது.

நான் கடையம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த காலம். ஒரு ஆச்சி கத்தரிக்காய் மூட்டையோடு ஏறினாள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிறவள் என்று மூட்டையே சொன்னது. சத்திரம் வந்ததும் ஆச்சி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“ஆச்சி, எறங்கலியா?” என்று கேட்டேன்.

“ஆமா” என்றாள்.

ஆமா, இறங்கவில்லை என்கிறாள் போல என்று நினைத்து, ரெண்டு விசில் கொடுத்தேன். வண்டி நகர்ந்ததும் ஆச்சி போட்ட கூப்பாட்டில் டிரைவருக்கு பிரேக் தானாகப் போயிற்று.

“ஏலே, எறங்குதேன்னுதான ஆமான்னேன்! ஒனக்குக் காது எங்கன இருக்கு?” என்று ஆரம்பித்து என் மூன்று தலைமுறையையும் இழுத்தாள். மூட்டையை நானே தூக்கி இறக்கி வைத்தேன். சும்மா போகிற ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

அன்றிலிருந்து ‘எறங்கலியா’ என்று யாரையும் கேட்டதில்லை. ‘எங்க எறங்கணும்?’ என்றுதான் கேட்பேன். தமிழில் ஒரு கேள்வியைத் தலைகீழாகக் கேட்டால் பதில் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டவனுக்கும் தெரியாது, சொன்னவனுக்கும் தெரியாது.

கண்டக்டருக்கு எதற்கு விசில் தருகிறார்கள் தெரியுமா? வாய்க்கு மரியாதை இல்லாததால்தான். சீசன் கூட்டத்தில், ஈரத் துண்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு ‘நிறுத்து’ என்று கத்தினாலும் ‘நிறுத்தாதே’ என்று கத்தினாலும் டிரைவர் காதில் ‘நிறுத்’ வரைக்கும்தான் விழும். விசிலில் அந்தத் தகராறு கிடையாது. ஒன்று என்றால் நில். ரெண்டு என்றால் போ. சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

இவ்வளவு தெரிந்தவன் வீட்டில்தான் அது நடந்தது.

நாலில் ரெண்டு போக

பாய் வேலைக்கு வந்த அன்று காலையிலேயே மழை பிடித்துவிட்டது. அறைகளில் கரண்ட் வந்து வந்து போகும் என்பதால் ராசத்தை முன்வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார வைத்து, சிலிண்டரை மாட்டிவிட்டு, மெஷினை அணைத்து வைத்தோம். ஜெனரேட்டரை எங்கே வைப்பது என்று பார்க்க நான் பின்வாசலுக்குப் போனேன். புகை அவள் ஜன்னலுக்கு வரக் கூடாது. ஏற்கெனவே தின்ற புகை போதும்.

மைதீன் பாய் போர்டில் நின்றார். சுடலை அறைகளில் நின்றான். நடுவில் இருக்கும் முற்றத்துக்குத் தகரக் கூரை. அதன்மேல் மழை கொட்டியது.

முறை இதுதான். பாய் ஒரு கட்டையைப் பிடுங்குவார். “போச்சா?” என்று கத்துவார். சுடலை “போச்சு” என்பான். கட்டையைத் திரும்பச் சொருகிவிட்டு “வந்தாச்சா?” என்று கத்துவார். “வந்தாச்சு” என்பான். அவ்வளவுதான்.

முதல் கட்டை ஹால். ரெண்டாவது அடுப்படி. சண்டை சச்சரவில்லாமல் முடிந்தது. மிச்சம் ரெண்டு கட்டை, ரெண்டு இடம். ஒன்று ராசத்தின் அறை, மற்றது மாடி. ஒன்றைக் கண்டுபிடித்தால் மற்றது தானாகத் தெரிந்துவிடும்.

பாய் மூன்றாவது கட்டையைப் பிடுங்கினார். “மதினி ரூம்ல போச்சா?” என்று கத்தினார்.

சுடலை அப்போதுதான் அடுப்படியிலிருந்து அந்த அறைக்குள் நுழைந்தான். மழைச் சத்தத்தில் அவன் காதில் விழுந்தது கடைசி எழுத்துகள் மட்டும்தான். ‘ச்சா?’ நிமிர்ந்து பார்த்தான். ஃபேன் ஓடாமல் நின்றிருந்தது. ‘போச்சா’வை நாம கேட்கத் தவறிவிட்டோம், இது ‘வந்தாச்சா’ போல என்று நினைத்துக்கொண்டான்.

“இல்ல!” என்று கத்தினான்.

கரண்ட் வரவில்லை என்று சொன்னான் அவன். கரண்ட் போகவில்லை என்று கேட்டுக்கொண்டார் இவர்.

அப்படியானால் மூன்றாவது கட்டை மாடி, நாலாவது ராசத்தின் அறை. பாய் சந்தோஷமாக நாலாவது வயரை எடுத்து, ஹால், அடுப்படி வயர்களுடன் சேர்த்து சேஞ்ச் ஓவருக்குக் கீழே புதுப் போர்டில் கட்டினார். ஒவ்வொரு கட்டையின் மேலும் பிளாஸ்டர் ஒட்டிப் பேனாவால் எழுதினார். ஹால். அடுப்படி. அந்த நாலாவதில் ‘ராசம்’ என்று எழுதக் கூச்சப்பட்டு ‘மதினி’ என்று எழுதினார்.

உண்மையில் அந்த ‘மதினி’ மாடியில் கீசராகத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

துபாய் வேலை

வேலை முடிந்த கையோடு சோதனை. ராசம் மறுபடி தன் கட்டிலுக்குப் போய் மெஷினை மாட்டிக்கொண்டாள். ஜெனரேட்டரை ஓடவிட்டு, பாய் கைப்பிடியைக் கீழே தள்ளினார். ஹாலில் டியூப் லைட் அணைந்து, கண் சிமிட்டி, எரிந்தது. அடுப்படி பல்பும் அப்படியே. ராசத்தின் அறையில் மெஷின் ஓடியது. நிற்கவே இல்லை.

“பாத்தியளா அண்ணாச்சி! டியூப் லைட்டு கூட சிமிட்டுச்சு, மெஷின் சிமிட்டல. இதுதான் துபாய் வேலை” என்றார்.

சுடலை கைதட்டினான். நானும் தட்டினேன். உள்ளேயிருந்து ராசம் சொன்னாள்.

“கத்தக்கூட இல்லியே!”

ஆச்சரியமாகத்தான் சொன்னாள். நாங்கள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டோம். பாய்க்கு இன்னொரு டீ போட்டுக் கொடுத்தேன்.

மெயினை அணைக்காமலே சோதனை செய்தோம் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. ஈபி கரண்ட் இருக்கும்போது ஈபியில் இருக்கிற அறையில் மெஷின் ஓடுவதில் என்ன அதிசயம்? மாடி காலியாக இருந்ததால் அங்கே ஏறிப் பார்க்கவும் ஆள் இல்லை. தீர்ந்துபோன சிலிண்டரைத் தென்காசிக்கு நிரப்ப அனுப்பினோம். சுடலை டியூட்டிக்குக் கிளம்பினான். மதுரைக்காரர் குடும்பத்தோடு மாடிக்கு வந்து சேர்ந்தார்.

சிலிண்டர் திரும்பி வருவதற்குள் அந்தக் காற்று.

‘மதினி’யைப் பிடுங்கிய கதை

நிலைப்படியில் நின்ற என்னிடம் திரும்பி வருவோம்.

முதலில் செய்ய வேண்டியதை என் கை செய்துவிட்டது. ஹாலில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஹால் பிளக்கில் மாட்டி, வயரை இழுத்துக்கொண்டு அறைக்குள் ஓடி, மெஷினைச் சொருகினேன். ஒரு தரம் கத்தியது. ஓட ஆரம்பித்தது. அப்பாடா என்று நினைப்பதற்குள் ஜெனரேட்டர் முக்கியது. ஹால் டியூப் லைட் சோர்ந்து மங்கியது. மெஷின் மறுபடி நின்று கத்தியது.

மேட்டில் முக்குகிற வண்டிச் சத்தம் எனக்குத் தெரியும். எதுவோ பாரம் இழுக்கிறது. எது என்று தெரியவில்லை.

போர்டுக்கு ஓடினேன். ‘அடுப்படி’யைப் பிடுங்கினேன். ஒரு மாற்றமும் இல்லை. ‘ஹால்’ கட்டையைப் பிடுங்க முடியாது. மெஷினே அதில்தான் இருக்கிறது. மிச்சம் இருந்தது ‘மதினி’.

அதில் எப்படிக் கை வைப்பது? அவள் பேர் எழுதியிருக்கிறது. அவள் அறையில் ஏதோ கோளாறு, அது சரியானால் மெஷின் ஓடும் என்றுதான் என் புத்தி சொன்னது. இருக்கிற ஒரு வழியையும் அடைத்துவிட்டால்? அந்த நேரத்தில் பயந்தேன். பாய்க்குப் போன் போட்டேன். காற்றில் டவரும் இல்லை.

அறையிலிருந்து கட்டிலைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஓடினேன். ராசத்தின் உதடு நிறம் மாறியிருந்தது. ஒரு கையைத் தூக்கி மாடியைக் காட்டினாள்.

“அன்னைக்கு…” என்றாள். மூச்சு எடுத்தாள். “கத்தல.”

எனக்குப் புரியவில்லை. அவள் கண்ணில் கோபம் வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்குத் தெரிந்த கோபம்.

“அந்தக் கட்டை… எனக்கு… இல்ல. புடுங்குங்க.”

இந்த ‘இல்ல’வுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது.

போர்டுக்குப் போனேன். ‘மதினி’ என்று எழுதிய கட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

ஜெனரேட்டர் பாரம் இறக்கின வண்டி மாதிரி இளகி ஓடியது. ஹால் டியூப் லைட் பளிச்சென்று நிமிர்ந்தது. உள்ளே மெஷின் ஒரு தரம் கத்தியது. பிறகு அதன் வழக்கமான மூச்சுச் சத்தம் வந்தது. மாடியில் பாட்டு பாதியில் நின்றது.

நான் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது. மூச்சு சீரானதும் மாடியைக் காட்டினாள்.

“மேல யாரோ கூப்பிடுதாவ. என்னன்னு கேளுங்க.”

மதுரைக்காரர் துண்டைக் கட்டிக்கொண்டு, தலை நிறைய ஷாம்பு நுரையோடு படியில் நின்றார். “சார், சுடுதண்ணி திடீர்னு நின்னுருச்சு” என்றார். சொல்லிக்கொண்டே எட்டிப் பார்த்தவர், ராசத்தையும் மெஷினையும் கண்டு அப்படியே அடங்கிவிட்டார். அவர் மேல் என்ன தப்பு? குழாயைத் திறந்தார், சுடுதண்ணி வந்தது, குளித்தார்.

“கேஸ் அடுப்புக்குக் கரண்ட் வேண்டாம்லா. ஒரு பானைத் தண்ணி வச்சுக் குடுங்க. சளி பிடிச்சிராம” என்றாள் ராசம். வைத்துக் கொடுத்தேன்.

பஞ்சாயத்து

மறுநாள் மைதீன் பாய் வந்தார். போர்டைப் பார்த்தார். மாடிக்குப் போனார், வந்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். போனை ஸ்பீக்கரில் போட்டுச் சுடலையைப் பிடித்தோம்.

“நான் ‘போச்சா’ன்னுதான் தம்பி கேட்டேன்.”

“எனக்கு ‘ச்சா’ மட்டுந்தான் பாய் கேட்டுச்சு. ‘வந்தாச்சா’ன்னு நெனச்சு ‘இல்ல’ன்னேன். இல்லாதத இல்லன்னுதான சொல்ல முடியும்?”

“போகலன்னா ‘போகல’ன்னு சொல்லணும். வரலன்னா ‘வரல’ன்னு சொல்லணும். அது என்னவே ‘இல்ல’?”

“கோர்ட்ல ஒத்த வார்த்தையில பதில் சொல்லுன்னுதான் எங்களுக்குப் பழக்கிருக்காவ.”

ஆளுக்கொரு பக்கம் நியாயம் இருந்தது. இன்றுவரை தீர்ப்பாகவில்லை. தீபாவளிக்கு அவர்கள் இருவரும் எங்கள் வீட்டில் சந்தித்தால் இதைத்தான் பேசுகிறார்கள்.

நான் பேச்சை விட்டுவிட்டு பீரோவைத் திறந்தேன். ரிட்டயர் ஆன அன்று கழற்றி வைத்த விசில், கயிற்றோடு அப்படியே இருந்தது.

“இனி இந்த வீட்டுல கரண்ட் விஷயத்துல யாரும் வாயத் தொறக்கக் கூடாது. மெஷின் நின்னா ஒரு விசில். ஓடுனா ரெண்டு. அவ்வளவுதான்” என்றேன்.

“துபாய்ல கூட இப்படிக் கிடையாது” என்று முதல் தடவையாகப் பாய் ஒத்துக்கொண்டார்.

ஒன்றுக்கும் ரெண்டுக்கும் நடுவே

வயர்களை மாற்றிக் கட்டினார். ‘மதினி’ பிளாஸ்டரைப் பிய்த்துச் சரியான கட்டையில் ஒட்டினார். இந்தத் தடவை மெயினை அணைத்துத்தான் சோதனை. நிரப்பின சிலிண்டர் கட்டில் பக்கத்திலேயே தயாராக நின்றது.

பாய் மெயினில் நிற்க வேண்டும். நான் சேஞ்ச் ஓவர் கைப்பிடியில். அறையில் விசிலோடு யார்? சுடலையும் இல்லை. மதுரைக்காரரைக் கூப்பிடலாமா என்று யோசித்தேன்.

“விசில இங்கன தாங்க” என்றாள் ராசம்.

டாக்டர் அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்திருக்கிறார். உள்ளே மூன்று பந்து. மூச்சை இழுத்து அவற்றை மேலே தூக்க வேண்டும். நுரையீரலுக்குப் பயிற்சி. “நான் என்ன பாப்பாவா, பந்து வெளையாட?” என்று அதை அலமாரியில் வைத்துவிட்டாள். அப்படிப்பட்டவள் விசில் ஊதுகிறேன் என்கிறாள்.

“ஒன்னால முடியுமாட்டி?”

“எத்தன வருசம் அடுப்பு ஊதிருக்கேன். தாங்க.”

கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். நாங்கள் போர்டுக்கு வந்தோம். ஹாலுக்கும் அந்த அறைக்கும் நடுவில் சுவர். அவளைப் பார்க்க முடியாது.

ஜெனரேட்டரைப் பின்வாசலில் ஓடவிட்டு வந்து, பாய் மெயினை அணைத்தார். வீடு அடங்கியது. உள்ளே மெஷின் கத்தியது. ஒரு விசில் வந்தது. குட்டையாக, ஆனால் தெளிவாக. நின்றுவிட்டது என்று அர்த்தம்.

கைப்பிடியைக் கீழே தள்ளினேன். ஹாலில் டியூப் லைட் சிமிட்டியது. மாடியில் விளக்கு எரியவில்லை, எரியக் கூடாது. உள்ளே மெஷின் ஒரு தரம் கத்தியது. கத்தினது எனக்குத் தேனாக இருந்தது.

விசில் வந்தது. ஒன்று.

அதோடு சத்தம் இல்லை.

ஒன்று என்றால் நில். பாய் முகம் வெளுத்துவிட்டது. கைப்பிடியை மேலே தள்ள எட்டினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“இரும்வே.”

“அண்ணாச்சி, ஒண்ணுதான் வந்திருக்கு!”

“அவ மூச்சு எடுக்கணும்லா. இரும்.”

பஸ்ஸில் நான் ஊதிய விசிலுக்குக் கணக்கு இல்லை. ஒன்றுக்கும் ரெண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. எதிரே படிக்கட்டில், முந்தின நாள் ஷாம்பு நுரையோடு நின்ற மதுரைக்காரர்கூட மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். ஜெனரேட்டர் மட்டும் ஓடியது.

பிறகு வந்தது. மெல்லிசாக, பாதிக் காற்றும் பாதிச் சத்தமுமாக, கடைசியில் கொஞ்சம் இழுத்து. ரெண்டாவது விசில்.

“ரைட்! போலாம்!” என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ராசம் சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் இருமினாள். அப்புறம் மறுபடி சிரித்தாள்.